காசுள்ளவர் நாளை இதையே தொடங்கினால்? ஒரு ஸ்டார்ட்அப் தன் போட்டி அனுகூலத்தை முதலீட்டாளருக்கு விளக்கும் முறை

போடிநாயக்கனூரிலும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடக்கும் ஏலக்காய் மின்னேலத்தில், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் (ஒன்றாக ஏலத்துக்கு வரும் காய்த் தொகுதியிலிருந்தும்) எடுத்த மாதிரிக் காய் வியாபாரிகளின் மேசைக்கு வரும். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார். பச்சை நிறம் எந்த அளவுக்கு நிற்கிறது, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் எத்தனை, காம்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு காயைப் பிளந்து உள்ளே அரிசி, அதாவது விதை, கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலையைக் கணினியில் தட்டுவார். ஒரே மலைச்சரிவில் ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு லாட்டுகளுக்கு இடையே கிலோவுக்கு நூறு, இருநூறு என்று விலை விலகுவது அங்கே அன்றாடம் நடப்பதுதான். தோட்டக்காரர் தன் காயைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசினாலும் மேசையில் இருப்பதற்குத்தான் விலை.

கம்பம், போடி, தென்காசி, பொள்ளாச்சி என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து நிறுவனம் தொடங்கிச் சென்னையிலோ கொச்சியிலோ பெங்களூரிலோ முதலீட்டாளர் முன்னால் போய் உட்காரும் இளைஞர்கள், இந்த ஏல மேசையை நன்றாக அறிந்தவர்களாக இருந்தும், அங்கே போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்குக் கணக்கும் திட்ட அறிக்கையும் எழுதிக்கொடுக்கும் வேலையில் இருப்பதால், அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பொருள் என்ன, சந்தை எவ்வளவு பெரியது, எவ்வளவு பணம் வேண்டும் என்பவற்றை அவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். "உங்களைவிடப் பத்து மடங்கு காசுள்ள ஒருவர் நாளைக்கு இதையே தொடங்கினால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி வந்ததும், "எங்கள் தரம் அவர்களுக்கு வராது, சார்" என்கிறார்கள். அத்துடன் அந்தக் கூட்டம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கான விடைக்குத்தான் போட்டி அனுகூலம் என்று பெயர். இதில் இரண்டு பாதிகள் உண்டு. வாடிக்கையாளருக்கு நாம் தருவது மற்றவர் தருவதைவிட மேலானது, அல்லது அதே தரத்தில் மலிவானது என்பது முதல் பாதி. அதைக் கண்ணால் கண்ட பிறகும், கையில் பணம் இருந்தும், போட்டியாளரால் அதே போலச் செய்ய முடியாமலோ செய்ய மனம் வராமலோ தடுப்பது எது என்பது இரண்டாம் பாதி. முதலீட்டு உலகில் வாரன் பஃபெட் பரப்பிய 'அகழி' என்ற சொல் இந்த இரண்டாம் பாதியைத்தான் குறிக்கிறது. கோட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அகழி ஆகாது. நம் நிறுவனர்கள் கோட்டையை விவரிப்பதிலேயே பதினைந்து நிமிடத்தையும் செலவழித்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் எடுத்துக்காட்டு ஏர்செல். 1999-இல் இங்கே தொடங்கிய அந்த நிறுவனம், மலிவான கட்டணத்தாலும் சிற்றூர்கள்வரை எட்டிய சிக்னலாலும் வீட்டுக்கு வீடு நுழைந்தது. இவை இரண்டும் உண்மையான நன்மைகள்தாம். ஆனால் மலிவு விலை என்பது, செலவும் அதற்கேற்ப அடியோடு குறைந்திருந்தால் தவிர, எதிராளி தன் கைப்பணத்தைப் போட்டு ஒரே நாளில் கொடுத்துவிடக்கூடியது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாகவே வந்தது. அதற்கு முன்பே, 2011-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த எண் மாற்ற வசதியால், 'நம்பர் மாறிவிடுமே' என்று வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டிருந்த கயிறும் அறுந்திருந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தபோது, வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறுஞ்செய்தி வராமல் கடைவாசலில் காத்துக் கிடந்தவர்கள் பலர். கடன்சுமை, அலைக்கற்றைச் செலவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் விலையும் வழக்கமும் மட்டுமே வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கப் போதவில்லை என்பது உண்மை.

எல்லைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வரும்வரை, வாளையாரிலும் குமுளியிலும் புளியரையிலும் வணிகவரிச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதே தனித் தொழிலாக இருந்தது. எந்தச் சரக்குக்கு எந்தப் படிவம், எந்தக் கவுண்டரில் எவ்வளவு நேரம், எந்த லாரியை எந்த இரவில் அனுப்பினால் வரிசையில் நிற்காமல் போகலாம் என்று தெரிந்த புக்கிங் ஏஜெண்டுகளை நம்பித்தான் சரக்கு நகர்ந்தது. அந்த அறிவு பல ஆண்டுகளில் சேர்ந்தது. வெளியூர்க்காரர் யாரும் பணம் கொடுத்து வாங்கிவிட முடியாதது. ஆனால் சட்டம் மாறியதும் அந்தச் சாவடிகளே போய்விட்டன. அறிவு அப்படியே இருந்தது; அதற்கு விலைதான் இல்லை. அரசு விதியால் கிடைக்கும் அனுகூலத்தை முதலீட்டாளரிடம் சொல்லக் கூடாது என்பதில்லை. அந்த விதி எப்போது, யாரால் மாறக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவர் கேட்பார்.

இனி, விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். போடியில் இருக்கும் இந்தச் சிறு நிறுவனம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, காற்றோட்டத்தைத் தானாகவே சரிசெய்யும் கருவியைப் பொருத்தித் தருகிறது. கருவியை விற்பதில்லை, பருவத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறது.

இது ஏன் ஒரு தொழிலாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஸ்டோருக்குள் போக வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ காய் கிடைக்கும். சுமார் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஈரத்தைப் பத்துச் சதவீதத்துக்கு அருகில் கொண்டுவர, 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நாளோ அதற்கு மேலுமோ வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஈர ஆவி சரியாக வெளியேறாவிட்டால் காய் அவிந்து பழுப்பேறும். பின்பகுதியில் சூடு கூடினால் வெடித்து வாய் பிளக்கும். பச்சை வெளுத்துவிட்டால் ஏலத்தில் விலை விழும். அனுபவமுள்ள ஸ்டோர்காரர் இதற்கெல்லாம் தெர்மாமீட்டரைப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியின் கனத்தை வைத்து விறகைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். தட்டிலிருந்து ஒரு பிடி காயை எடுத்துக் குலுக்கி, சலசலவென்று சத்தம் வந்தால்தான் இறக்கச் சொல்வார். நள்ளிரவில் அவர் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டால், அந்த அறையில் இருக்கும் பத்துப் பதினைந்து சிறு விவசாயிகளின் காய் கெட்டுப்போகும்.

ஆகவே இந்த நிறுவனத்தின் முதல் போட்டியாளர் கொரியாவிலோ கோவையிலோ உள்ள இயந்திரக் கம்பெனி அல்ல, அந்த ஸ்டோர்காரர்தான். "எங்களுக்குப் போட்டியே இல்லை" என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். வாடிக்கையாளர் இன்றுவரை எதை வைத்துச் சமாளித்துவருகிறாரோ அதுவே போட்டி. அது ஒரு நோட்டுப் புத்தகமாக இருக்கலாம். மச்சானின் ஜீப்பாக இருக்கலாம். ஒன்றும் செய்யாமல் நட்டத்தை ஏற்றுக்கொள்வதாகவும் இருக்கலாம். போட்டியே இல்லை என்று ஒருவர் சொன்னால், சந்தையே இல்லையோ என்றுதான் முதலீட்டாளர் ஐயப்படுவார்.

இப்போது முதல் பாதியைக் கணக்காக்கிப் பார்ப்போம். எண்கள் அனைத்தும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு முறைக்கு ஆயிரம் கிலோ பச்சைக் காய் ஏற்றும் ஸ்டோரில் 200 கிலோ உலர் காய் இறங்குகிறது. முன்பு அதில் 15 சதவீதம், அதாவது 30 கிலோ, நிறம் கெட்டு வந்தது. கருவி வந்தபின் அது 10 கிலோவாகக் குறைகிறது. நிறம் நின்ற காய்க்கும் கெட்ட காய்க்கும் விலை வித்தியாசம் கிலோவுக்கு 250 ரூபாய் என்றால், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் மிச்சம். ஒரு பருவத்தில் 60 முறை ஏற்றினால் 3 லட்சம். அதற்குக் கட்டணம் 60,000 ரூபாய். இப்படி எழுதினால் முதலீட்டாளருக்கு உடனே விளங்கும். 'செயற்கை நுண்ணறிவின் துணையுடன் தரத்தில் புரட்சி' என்று எழுதினால் விளங்காது.

ஆனால் ஏலக்காய் வணிகத்தை அறிந்த முதலீட்டாளர் அடுத்து ஒன்றைக் கேட்பார். 2018 வெள்ளத்தையும் அதையடுத்த வறட்சியையும் தொடர்ந்து விளைச்சல் விழுந்ததால், 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. சில ஆண்டுகளிலேயே சராசரி ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. விலை இறங்கும்போது தரங்களுக்கிடையிலான வித்தியாசமும் சுருங்கும். 250 ரூபாய் 80 ஆனால், ஒரு முறைக்கு 1,600 ரூபாய், பருவத்துக்கு 96,000 ரூபாய்தான் மிச்சம். அதில் 60,000 கட்டணமாகப் போனால் ஸ்டோர் உரிமையாளர் அடுத்த ஆண்டு யோசிப்பார். நல்ல விலைக் காலத்தில் மட்டும் நிற்கும் அனுகூலத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், முதலீட்டாளர் கெட்ட காலத்துக்கான கணக்கைத் தானே போட்டுக்கொள்வார். அவர் போடும் எண் நம்முடையதைவிட மோசமாகத்தான் இருக்கும். இரண்டு விலைகளுக்கும் நாமே கணக்குப் போட்டு, குறைந்த விலைக் காலத்தில் கட்டணத்தை எப்படி மாற்றுவோம் என்றும் சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

இரண்டாம் பாதிக்கு வருவோம். இந்தக் கருவியை யாரும் செய்யலாம். சென்சார், ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்விசிறி எல்லாம் கோவையில் கடைகடையாகக் கிடைக்கின்றன. அப்படியானால் எது தடுக்கிறது?

முதலாவதாக நிறுவனர்கள் சொல்வது தரவு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பலரும் சொல்லும் விதத்தில் அல்ல. ஜூலை மாத மழையில் எடுத்த காயும் டிசம்பர்ப் பனியில் எடுத்த காயும் ஒரே மாதிரி உலராது. விறகின் ஈரம்கூட மாறும். ஒரு பருவத்தின் எல்லா எடுப்புகளையும் (காய் பறிக்கும் சுற்றுகளையும்) பல உயரங்களில் உள்ள ஸ்டோர்களில் அளந்து வைத்திருப்பவரிடம் இருக்கும் அட்டவணை, இன்று பணத்துடன் நுழைகிறவரிடம் இருக்காது. அவர் பத்து மடங்கு பொறியாளர்களை வேலைக்கு வைத்தாலும், இந்த ஆண்டு ஜூலை போய்விட்டால் அடுத்த ஜூலைவரை காத்திருக்கத்தான் வேண்டும். பணத்தால் சுருக்க முடியாத காலம் இது; எனவே இதைத் துணிந்து சொல்லலாம். அதே மூச்சில், இந்த முன்னணி இரண்டு மூன்று பருவங்களுக்கு மட்டுமே நிற்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அதிகத் தரவினால் அதிகத் திருத்தம் கிடைப்பதில்லை. ஆயிரமாவது ஏற்றத்தில் கற்றதைவிடப் பத்தாயிரமாவது ஏற்றத்தில் கற்பது மிகக் குறைவு. தரவு நமக்குக் கால அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் வேறு எதைக் கட்டப்போகிறோம் என்பதுதான் உரையாடலின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும்.

அந்த 'வேறு எது' என்பது, என் கணிப்பில், சாலையில் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கு ஒரு சாலை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டத்துக்கு ஒரு சாலை. குமுளியிலிருந்து வண்டன்மேடு பக்கம் ஒரு சாலை. ஸ்டோர்கள் இந்தச் சாலைகளிலிருந்து பிரியும் ஜீப் தடங்களின் ஓரத்தில் இருக்கின்றன. கருவி இரவு இரண்டு மணிக்கு நின்றால், அடுத்த நாள் மதியம் வரும் டெக்னீஷியனால் பயனில்லை. அதற்குள் காய் போய்விடும். ஒரே தடத்தில் பன்னிரண்டு ஸ்டோர்கள் நம்மிடம் இருந்தால், அந்தத் தடத்திலேயே ஓர் ஆளைத் தங்கவைக்க முடியும். அவருடைய சம்பளமும் பைக் பெட்ரோலும் பன்னிரண்டாகப் பிரியும். அதே தடத்தில் புதிதாக வருபவருக்கு முதலில் ஒரு ஸ்டோர்தான் கிடைக்கும். அந்த ஒன்றுக்காக ஓர் ஆளைத் தங்கவைத்தால் நட்டம், தங்கவைக்காவிட்டால் சேவை கெடும். இது சிறிய இடத்துக்குள் கிடைக்கும் அளவுச் சிக்கனம். இந்தியா முழுவதும் எத்தனை வாடிக்கையாளர் என்ற எண்ணைவிட, ஒரு டெக்னீஷியன் ஒரு நாளில் எத்தனை ஸ்டோர் பார்க்கிறார், அந்த எண் சென்ற பருவத்தில் எவ்வளவு, இந்தப் பருவத்தில் எவ்வளவு என்பது முதலீட்டாளருக்குப் பல மடங்கு மதிப்புள்ள தகவல். நம் ஆட்கள் இதைச் சொல்வதே இல்லை. மூன்று சாலைகளிலும் நான்கு நான்கு ஸ்டோராகச் சிதறிக் கிடப்பதைப் 'பரவலான இருப்பு' என்று பெருமையாக எழுதுகிறார்கள். உண்மையில் அது பலவீனம்.

அடுத்தது, எதிராளியால் முடியும், ஆனால் அவர் செய்யமாட்டார் என்ற வகை. எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றுவது இதுதான். கருவியைப் பொருத்திய ஸ்டோரில் இறங்கும் ஒவ்வொரு விவசாயியின் காய்க்கும், எத்தனை கிலோ எந்த அளவு, நிறம் எப்படி, ஒரு லிட்டர் அளவு காயின் எடை எவ்வளவு என்று ஒரு சீட்டுக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். இதுவரை அந்த விவசாயி தன் காயைக் கலப்பாகவே உள்ளூர் வியாபாரியிடம் போட்டுவந்தார். வியாபாரி அதைச் சல்லடையில் இட்டுப் பிரித்து, பெரிய காயைத் தனி விலைக்கு விற்றார். அவருடைய லாபம் பெரும்பாலும் அந்தப் பிரிப்பில் இருக்கிறது. அவருக்கு நம்மைவிடப் பணம் அதிகம். ஊரில் செல்வாக்கும் அதிகம். ஆனாலும் இந்தச் சீட்டை அவர் கொடுக்கமாட்டார். கொடுத்தால் தன் லாபத்தைத் தானே வெட்டிக்கொள்வதாகும். ஊரிலுள்ள டிரையர் பட்டறைக்காரரும் அப்படித்தான்: இயந்திரத்தை விற்ற அன்றே பணம் பார்க்கும் தொழில் அவருடையது, பருவக் கட்டணத்துக்கு மாறினால் முதல் இரண்டு ஆண்டுகள் பட்டறையில் காசு சுற்றாது. எதிராளியின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று படித்து, நம்மைப் பின்பற்றினால் அவருக்கு எவ்வளவு இழப்பு என்று எழுதிக்காட்டும் ஒரு பக்கம், பல நிறுவனங்களின் முழுத் திட்ட அறிக்கையைவிட வலுவானது. (விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துவைத்திருக்கும் வியாபாரி, அந்தக் கடனைக் காட்டிக் காயைத் தன்னிடமே போடவைப்பார் என்பதும் இதே பக்கத்தில் வர வேண்டும். இதை மறைத்தால், கம்பத்தில் சொந்தக்காரர் இருக்கும் முதலீட்டாளர் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்.)

பயனர் பெருகப் பெருக எல்லோருக்கும் பயன் கூடுவதைத்தான் வலைப்பின்னல் விளைவு என்கிறார்கள். அது நம் எடுத்துக்காட்டில் இன்னும் இல்லை. சீட்டுடன் வரும் லாட்டுகளை நம்பி, மாதிரியைப் பார்க்காமலேயே விலை சொல்லும் ஏற்றுமதியாளர்கள் பெருகினால், சீட்டு இல்லாத ஸ்டோர் பின்தங்கும். அப்போது அது உருவாகும். வரலாம் என்பதை வந்துவிட்டதாக எழுதுவது இந்தத் துறையில் மிகவும் பரவிய வியாதி. இன்று இத்தனை லாட்டுகள் சீட்டுடன் ஏலத்துக்குப் போகின்றன, அவற்றைக் கேட்டு வாங்குபவர்கள் இத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் விளைவு தொடங்கும் என நினைக்கிறோம் என்றும் சேர்த்துச் சொன்னால் போதும்.

காப்புரிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு. ஆனால் வெறும் கணினி நிரலுக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு இடம் தருவதில்லை. கருவியின் அமைப்புக்கு உரிமை கிடைத்தாலும், மலைமேல் ஒரு ஸ்டோரில் யாரோ அதைப் பார்த்துச் செய்துவிட்டால் வழக்குப் போட்டு நிற்கச் சிறு நிறுவனத்துக்குத் தெம்பு வேண்டும். ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம், மாநில அரசின் மானியம், பரிசுக் கோப்பை ஆகியவை பிறருக்கும் திறந்திருக்கும் கதவுகள். அவற்றை அனுகூலம் என்ற தலைப்பின் கீழ் எழுதக் கூடாது.

புவிசார் குறியீட்டிலும் இதே குழப்பம் இருக்கிறது. 'ஆலப்புழை பச்சை ஏலக்காய்' என்ற குறியீடு உண்மையில் ஏற்றுமதியில் மதிப்புள்ளது. ஆனால் அது அந்தப் பகுதியின் கூட்டுச் சொத்து, அதன் வரையறைக்குள் வரும் எந்த விளைவிப்பாளரும் பதிவுசெய்து பயன்படுத்தலாம். நம் எதிராளியும் பயன்படுத்தலாம். மண்ணையும் மழையையும் அனுகூலமாகக் காட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் நினைவுபடுத்த வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் வழியாகக் குவாத்தமாலாவுக்குப் போன இந்தச் செடி, இன்று அந்த நாட்டை உலகின் முதல் ஏலக்காய் ஏற்றுமதி நாடாக்கியிருக்கிறது. அங்கே வீட்டுச் சமையலில் ஏலக்காய்க்குப் பெரிய இடம்கூட இல்லை. விளைவதில் ஏறக்குறைய எல்லாமே வெளியே போகிறது.

எல்லையில் இருப்பதே அனுகூலம் என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். செயலி தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது என்பது அனுகூலம் அல்ல. மொழிபெயர்ப்பை யாரும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஸ்டோரின் உரிமையாளர் மலையாளியாகவும், ஸ்டோரில் இரவெல்லாம் விழித்திருப்பவர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போன தமிழராகவும், காயைக் கொண்டுவருபவர் இருவரில் ஒருவராகவும் இருக்கும்போது, உரிமையாளரிடம் "சேட்டா" என்று தொடங்கிக் கட்டணம் பேசவும், காவல் இருப்பவரிடம் "அண்ணே, ஆவி போக்கிய எப்ப திறந்தீங்க?" என்று கேட்டு உண்மையான பதிலை வாங்கவும் தெரிந்த ஐந்து பணியாளர்கள் இருப்பது ஓரளவுக்கு அனுகூலம். 'ஓரளவுக்கு' என்று சொல்லக் காரணம், அதிகச் சம்பளம் கொடுத்து அந்த ஐவரையும் எதிராளி அழைத்துக்கொள்ளலாம் என்பதுதான். அந்த அறிவு அவர்கள் தலையில் மட்டும் இருந்தால் அது அவர்களின் சொத்து. ஒவ்வொரு ஸ்டோருக்கும் எழுதிவைத்த பதிவேடாகவும், புதிதாகச் சேரும் பையனை ஒரே பருவத்தில் தயார்செய்யும் பயிற்சியாகவும் மாறியிருந்தால்தான் அது நிறுவனத்தின் சொத்து.

இந்த வேறுபாட்டைப் பெரிய அளவில் காண விரும்புபவர்கள் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்குப் போகலாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-இல் பெயர் மாற்றிக்கொண்ட ஸோஹோ, 2011 முதல் அங்கே அலுவலகம் நடத்துகிறது. தென்காசியில் கட்டடம் கட்ட எந்தப் பெரிய நிறுவனத்தாலும் முடியும். பட்டம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவித்து, அவர்கள் பொறியாளர்களாகத் தேறும்வரை சில ஆண்டுகள் காத்திருக்கும் முறையை, வளாகத் தேர்வையும் காலாண்டுக் கணக்கையும் நம்பி நடக்கும் நிறுவனம் அவ்வளவு எளிதில் மேற்கொள்ளாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: வெளி முதலீட்டாளர்களின் பணத்தை வாங்காமலேயே வளர்ந்த ஸோஹோ, நாம் இங்கே பேசும் இந்த விளக்கத்தை யாரிடமும் கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

நமக்கு அந்தத் தேவை இருக்கிறது. எழுத்தில் அது எப்படி வர வேண்டும்? போட்டியாளர்களை வரிசையாகப் போட்டு, எதிரே டிக் குறியும் பெருக்கல் குறியுமாக நிரப்பி, கடைசி வரிசையில் நம் பெயருக்கு நேரே மட்டும் எல்லாக் கட்டத்திலும் டிக் போடும் அட்டவணையை முதலில் நீக்கிவிடலாம். கட்டங்களைத் தேர்ந்தெடுத்தவர் நாமே என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, எதிராளி எங்கே நம்மைவிட மேல் என்று ஒரு பத்தி எழுதலாம்: பட்டறைக்காரரின் டிரையர் முதல் செலவில் மலிவு, பழைய ஸ்டோர்காரருக்கு மின்வெட்டு ஒரு பொருட்டே அல்ல. அதன் பிறகு, எதில் வெல்லப் போகிறோம், அதற்கு இன்றைய சான்று என்ன, அந்தச் சான்றை வளர்க்க இந்த முதலீட்டில் எவ்வளவு செலவிடப் போகிறோம் என்று எழுதலாம். பணம் கேட்பதற்கும் அனுகூலத்துக்கும் இப்படி நேர்த்தொடர்பு இருக்க வேண்டும். 'மார்க்கெட்டிங் 40 சதவீதம், ஆட்கள் 35 சதவீதம்' என்ற வட்டப்படம் அந்தத் தொடர்பைக் காட்டுவதில்லை. 'போடிமெட்டுச் சாலையில் இன்னும் இருபது ஸ்டோர்கள், அதனால் ஒரு ஸ்டோருக்கான சேவைச் செலவு இவ்வளவு குறையும்' என்ற வரி காட்டுகிறது.

சான்று என்று நான் சொல்வது மூன்று எண்களை. சென்ற பருவத்தில் இருந்த ஸ்டோர்களில் எத்தனை இந்தப் பருவமும் தொடர்கின்றன. கட்டணத்தை ஏற்றியபோது எத்தனை பேர் விலகினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் நாம் தேடிப் போகாமல், பக்கத்து ஸ்டோர் சொல்லி வந்தவர்கள் எத்தனை. விலையை ஏற்றியும் ஆள் நிற்கிறது என்பதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இலவசமாகக் கொடுத்துச் சேர்த்த நூறு பேரைவிட, காசு கொடுத்து இரண்டாம் பருவத்துக்கு வந்த ஒன்பது பேர் முதலீட்டாளருக்கு அதிகம் சொல்வார்கள்.

எண்ணைப் பார்த்தபின் அக்கறையுள்ள முதலீட்டாளர் மலைக்கு வருவார். ஸ்டோருக்குப் போவார், நிறுவனரை வெளியே ஜீப்பருகே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஸ்டோர்காரரிடம் தனியாகப் பேசுவார். கருவி நன்றாக வேலை செய்கிறதா என்று அவர் முதலில் கேட்கமாட்டார். "நாளைக்கு இதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றுதான் கேட்பார். "பழையபடி பார்த்துக்குவோம்" என்பதும், "அய்யோ, இப்ப ரெண்டு ஸ்டோரை நான் ஒருத்தனே பாக்குறேன், அது முடியாதே" என்பதும் நிறுவனத்துக்கு இரண்டு வேறு விலைகள். ஸ்டோர்காரர் இவற்றில் எதைச் சொல்வார் என்று நிறுவனருக்கே இன்னும் தெரியவில்லை என்றால், முதலீட்டாளரை அழைக்கும் தேதியை அடுத்த எடுப்புக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் தானே போய் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.